காதுக்குப் போதுமானது, காலத்துக்குப் போதாதது

ஒரு நிமிட இசையைச் சி.டி. தரத்தில் எழுதிவைக்க ஏறத்தாழ பத்தரை மெகாபைட் இடம் வேண்டும். அதே நிமிடத்தை நொடிக்கு 128 கிலோபிட் கொண்ட எம்பி3 கோப்பாக மாற்றினால் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. மற்றப் பத்துப் பங்கும் எங்கே போயிற்று? போனது காதுக்குத் தெரியுமா?

ஹெட்போனில் பாட்டுக் கேட்கிற யாருக்கும் இந்தக் கேள்வி இன்று வந்தே தீரும். ஆப்பிள் மியூசிக் 2021இலும் ஸ்பாட்டிஃபை 2025இலும் லாஸ்லெஸ் ஒலியைத் தரத் தொடங்கின. செயலியின் அமைப்புகளுக்குள் போய் ஒரு தேர்வை மாற்றினால் போதும், இழப்பில்லாத ஒலி வந்துவிடும். கூடவே டேட்டா செலவும் மூன்று நான்கு மடங்காகும். அதற்கேற்ற பலன் உண்டா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கேட்பதற்கு எது போதும் என்பது ஒன்று. பாதுகாத்து வைக்க எது வேண்டும் என்பது மற்றொன்று. விடைகள் நேர் எதிரானவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் லாஸ்லெஸ் பற்றிய வாதங்கள் முடிவில்லாமல் நீள்கின்றன.

சி.டி.க்குள் இருப்பது என்ன?

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அதை எண்ணாக்க வேண்டுமென்றால் நொடிக்குப் பல முறை அந்த அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கி 1982இல் விற்பனைக்கு வந்த சி.டி., நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதப்படுகிறது. இடது, வலது என இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட்.

இந்த 44,100க்குப் பின்னால் உறுதியான ஒரு தேற்றம் நிற்கிறது. ஓர் அலையை முழுமையாகப் பிடிக்க, அதிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாக அளந்தால் போதும். ஹாரி நைக்விஸ்ட் 1928இல் அடித்தளமிட்ட இந்தக் கருத்தைக் கிளாட் ஷானன் 1949இல் தெளிவாக நிறுவினார். மனிதக் காதின் மேல் எல்லை ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் இறங்கிக்கொண்டே வரும். ஆக, 44,100 அளவைகள் தாராளம்.

ஓர் அளவைக்கும் அடுத்ததற்கும் நடுவே நடப்பது தொலைந்துவிடுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். தொலைவதில்லை. அந்தப் புள்ளிகள் அனைத்தின் வழியாகவும் செல்லக்கூடிய, 22,050 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட அலை ஒன்றே ஒன்றுதான். புள்ளிகளிலிருந்து அந்த அலையையே மீட்கிறோம். 16 பிட் என்பது மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளியைத் தருகிறது. வீட்டில் வழக்கமான சத்தத்தில் கேட்கும் எந்தக் கச்சேரிக்கும் அது போதும்.

ஒன்றையும் விடாமல் சுருக்குவது

இந்த எண்களை ஓர் இலக்கம்கூட மாறாமல் சுருக்க முடியும். அப்படிச் சுருக்கும் முறைகளில் பரவலானது ஃபிளாக். ஜாஷ் கோல்சன் என்ற நிரலாளர் எழுதி 2001இல் இலவசமாக வெளியிட்டது. ஆப்பிளின் அலாக் 2004இல் வந்தது.

இசையின் அலை ஓர் அளவையிலிருந்து அடுத்ததற்குத் தாறுமாறாகத் தாவுவதில்லை. முந்தைய சில எண்களைப் பார்த்தால் அடுத்த எண் எந்த அளவில் இருக்கும் என்று கணித்துவிடலாம். ஃபிளாக் கோப்பில் கணிப்பதற்கான சூத்திரம் இருக்கும். கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடு இருக்கும். வேறுபாடுகள் சின்ன எண்கள் என்பதால் குறைந்த பிட்டுகளில் எழுதிவிடலாம். அதற்கு உதவும் குறியீட்டு முறைக்கு அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய ராபர்ட் ரைஸின் பெயர். விண்கலங்கள் அனுப்பும் தரவைச் சுருக்கப் பிறந்த முறை அது. பாட்டை ஒலிக்கும்போது சூத்திரம் தரும் கணிப்போடு வேறுபாட்டைக் கூட்டினால் பழைய எண் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

இதனால் கோப்பு பொதுவாகப் பாதி முதல் எழுபது சதவீதம் வரையிலான அளவுக்கு இறங்கும். அமைதியான தனி வீணை நன்றாகச் சுருங்கும். இரைச்சலும் தாளவாத்தியமும் நிறைந்த பாட்டு அவ்வளவாகச் சுருங்காது. கணிக்க முடியாததைச் சுருக்க வழியில்லை. ஃபிளாக்கைவிட, சுருக்கப்படாத வேவ் கோப்பு இனிமையாக ஒலிக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டிலிருந்தும் ஹெட்போனுக்குப் போகும் எண்கள் ஒன்றேதான். ஒரே எண்களுக்கு இரண்டு ஒலி இருக்க முடியாது.

காதின் இயல்பை அறிந்து சுருக்குவது

எம்பி3 வேறொரு கேள்வியிலிருந்து புறப்பட்டது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் டீட்டர் சைட்சர் என்ற பேராசிரியர் தொலைபேசிக் கம்பி வழியாக இசையை அனுப்ப விரும்பினார். கம்பியோ மிகக் குறுகியது. அவருடைய மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும், பின்னர் அதே நகரின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தாரும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒலியில் மனிதக் காதுக்கு எட்டாத பகுதி எது என்று கணக்கிட்டு, அங்கே மட்டும் சிக்கனம் பிடிப்பது. அந்தக் கோப்புகளுக்கு இன்று நாம் அறிந்த பெயர் 1995 ஜூலையில் சூட்டப்பட்டது.

உட்காதில் நத்தைச் சுருள் போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் நீளும் மெல்லிய சவ்வின் ஒரு முனை கீச்சொலிக்கும் மறுமுனை கனத்த ஒலிக்கும் அதிர்கிறது. ஒலி அலை அதன்மீது எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த கேயார்க் ஃபான் பேக்கஷி 1961இல் நோபல் பரிசு பெற்றார். அருகருகே உள்ள அதிர்வெண்கள் சவ்வின் ஏறக்குறைய ஒரே இடத்தை அசைப்பதால், அவற்றுள் உரத்தது மெல்லியதை மறைத்துவிடும். அமெரிக்காவில் ஹார்வி ஃபிளெட்சரும் ஜெர்மனியில் எபர்ஹார்ட் ஸ்விக்கரும் இதை விரிவாக அளந்தார்கள். கேட்கும் எல்லை முழுவதையும் ஸ்விக்கர் 24 பட்டைகளாகப் பிரித்தார். நேரத்திலும் மறைப்பு உண்டு: உரத்த அடிக்குப் பின் நூறு மில்லிநொடிக்கும் மேலாக மெல்லிய ஒலிகள் காதில் ஏறாது, அடிக்குச் சில மில்லிநொடி முன்னால் வந்ததுகூட மறைந்துபோகும்.

எம்பி3 கோப்பை உருவாக்கும் நிரல், இசையைச் சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது, எது எதை மறைக்கிறது என்று கணக்கிடுகிறது. மறைப்பு பலமாக உள்ள பட்டையில் எண்களை முரட்டுத்தனமாக முழுமைப்படுத்தி எழுதுகிறது. அதனால் சிறு இரைச்சல் பிறக்கிறது. மறைப்பின் எல்லைக்குக் கீழேயே இருந்தால் அது காதில் விழாது. எம்பி3 வாத்தியங்களைப் பிடுங்கி எறிகிறது என்ற எண்ணம் தவறு. எல்லா வாத்தியங்களும் இருக்கும். குறைவது எண்களின் நுணுக்கம்.

மூலத்திலிருந்து எம்பி3யைக் கழித்தால் எஞ்சுவதைத் தனியே கேட்கலாம். ரயன் மக்வயர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர், சுசான் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ பாட்டில் இப்படிக் கழிபட்ட ஒலிகளைக் கொண்டே ஒரு புதிய படைப்பைச் செய்தார். கேட்பவருக்கு, இவ்வளவையும் இழந்தோமே என்று நெஞ்சு பதறும். ஆனால் அந்த மிச்சம் தனியாக ஒலிக்கும்போதுதான் கேட்கும். முழுப் பாட்டோடு சேர்ந்து ஒலிக்கையில் மற்ற ஒலிகள் அதை மூடிவிடும். இழப்பின் அளவு ஒன்று. அது காதுக்குத் தெரிவது வேறொன்று.

சுருக்கம் தோற்கும் இடங்கள்

மக்வயர் அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வாத்தியமே இல்லாமல் வேகா தனிக் குரலில் பாடிய அதே பாட்டைத்தான் பிராண்டன்பர்க் தன் முறையைச் செப்பனிடும்போது சோதனைக்கு எடுத்துக்கொண்டார். முதலில் குரல் சிதைந்து வந்தது. பெரிய இசைக்குழுவில் ஒன்றை மறைக்க இன்னொன்று இருக்கும். தனிக் குரலின் இரைச்சலை மறைக்க அங்கே எதுவுமில்லை. அந்தக் குரல் கெடாமல் வரும்வரை அவர் முறையைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

இன்னொரு சோதனை ஸ்பெயின் நாட்டின் காஸ்டனெட் என்ற கைத்தாளம். சடாரென்று எழும் அடிக்கு முன்னால் நிசப்தம். நிரல் எடுத்துக்கொள்ளும் துண்டு ஏறத்தாழ 26 மில்லிநொடி நீளம். முரட்டு எண்களின் இரைச்சல் அந்தத் துண்டு முழுவதிலும் பரவும். அடிக்கு முன்பிருக்கும் நிசப்தத்திலும் பரவுவதால், அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய உரசல் கேட்கும். முன்னெதிரொலி என்று அதைச் சொல்லலாம். இத்தகைய இடங்களில் குட்டித் துண்டுகளுக்கு மாறிக்கொள்வது எம்பி3 கண்ட தீர்வு. பிட் போதாதபோது அதுவும் முழுமையாகக் காப்பாற்றாது. கஞ்சிராவின் அறை, ஜால்ராவின் தட்டு, மிருதங்கத்தின் கூர்மையான சாப்பு எல்லாம் இதே வகைதான்.

ஹெட்போன்காரர்கள் இந்தப் பிழைகளை மற்றவர்களைவிட எளிதாகப் பிடிப்பார்கள். ஸ்பீக்கரில் கேட்கும்போது அறையின் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி, சின்ன இடைவெளிகளை நிரப்பிவிடும். ஹெட்போனில் அந்தப் போர்வை இல்லை. ஆகவே அவர்கள் லாஸ்லெஸ்ஸைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. 128 கிலோபிட்டில் ஜால்ராவின் ஓசை நீர்த்துக் கலங்குவதைப் பழகிய காது நிச்சயம் கண்டுபிடிக்கும். எத்தனை கிலோபிட்டில் அந்தக் காதும் கைவிடும் என்பதே கேள்வி.

பெயர் தெரியாமல் கேட்டால்

எந்தக் கோப்பு ஒலிக்கிறது என்பது தெரிந்தால் மனம் முன்பே முடிவெடுத்துவிடும். ஒன்று அரை டெசிபெல் உரக்க இருந்தாலும் போதும். அதை உரத்தது என்று உணராமல், தெளிவானது, உயிருள்ளது என்று உணர்வோம். இந்த இரண்டையும் களைய ஏபிஎக்ஸ் என்ற சோதனை இருக்கிறது. ஏ, பி என்ற இரண்டு கோப்புகளும் ஒரே சத்த அளவுக்குச் சரிசெய்யப்படும். எக்ஸ் என்பது அவற்றுள் ஒன்று. எது என்று கேட்பவருக்குத் தெரியாது. கேட்டுச் சொல்ல வேண்டும். 16 சுற்றில் 12 சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அது நடந்திருக்க நான்கு சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. ஒருமுறை சரியாகச் சொல்வதில் ஒன்றும் இல்லை. காசைச் சுண்டினாலும் பாதி சரியாக வரும்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009இல் பயிற்சி பெற்ற காதுகளைக் கொண்டு சி.டி.யையும் எம்பி3யையும் ஒப்பிட்டார்கள். 96, 128, 192 கிலோபிட் எம்பி3களைவிடச் சி.டி.யையே அவர்கள் தெளிவாக விரும்பினார்கள். 256க்கும் 320க்கும் வந்தபோது அந்த விருப்பம் மறைந்துவிட்டது. எம்பி3க்குப் பின் வந்த ஏஏசி, ஓபஸ் போன்ற முறைகள் அதே பிட்டில் இன்னும் நன்றாகவே செய்கின்றன.

சி.டி.க்கும் மேலான ‘ஹை-ரெஸ்’ ஒலி? 2007இல் அமெரிக்காவின் பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் உயர்தரப் பதிவுகளை நேராகவும், நடுவே சி.டி. தரத்துக்கு இறக்கியும் ஒலிக்கச் செய்து கேட்கச் சொன்னார்கள். 554 முறையில் 276 முறை சரியான விடை வந்தது. அதாவது 49.8 சதவீதம். 2016இல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்தபோது சராசரி 52.3 சதவீதமாக இருந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது இன்னும் உயர்ந்தது. வேறுபாடு முற்றிலும் பூஜ்யம் என்று அடித்துச் சொல்ல முடியாது. முனைந்து, பயிற்சி பெற்று, திரும்பத் திரும்பக் கேட்டும் விளிம்பில் மட்டும் தென்படும் ஒன்று, பாட்டில் மனம் தோய்ந்திருப்பவரின் இன்பத்தைக் கூட்டும் என்று நான் நம்பவில்லை.

உண்மையான இழப்பு நேரும் இடங்கள்

கோப்பைப் பற்றிய கவலையில் அதைவிடப் பெரிய இழப்புகளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

முதலாவது புளூடூத். எல்லா புளூடூத் ஹெட்போனிலும் இருக்கும் எஸ்பிசி முறை வழக்கமாக அதிகபட்சம் 328 கிலோபிட்டில் அனுப்புகிறது. ஏர்பாட்ஸ் புளூடூத்தில் ஏஏசியைப் பயன்படுத்துகிறது. சோனியின் எல்டாக் 990 கிலோபிட் வரை போகும். அதுவும் இழப்புள்ள முறைதான். 2021இல் வந்த ஏப்டிஎக்ஸ் லாஸ்லெஸ் விதிவிலக்கு. கைப்பேசி, ஹெட்போன் இரண்டிலும் அது இருந்தால்தான் வேலை செய்யும். ஃபிளாக் கோப்பை வாங்கி வயரில்லா இயர்பட்ஸில் கேட்பவர்களில் பெரும்பாலோர், காதுக்குச் சற்று முன்னால் மீண்டும் சுருக்கப்பட்ட ஒலியையே கேட்கிறார்கள். லாஸ்லெஸ் வேண்டுமென்றால் வயர் ஹெட்போனுக்குத் திரும்புவதே நேர் வழி.

இரண்டாவது, ஹெட்போனே. நல்லதென்று பெயர் பெற்ற இரண்டு ஹெட்போன்களுக்கு நடுவே சில அதிர்வெண்களில் ஐந்து, பத்து டெசிபெல் வேறுபாடு இருப்பது சாதாரணம். இயர்போனின் ரப்பர் முனை காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் அடித்தாளம் முழுவதும் வெளியேறிவிடும். பெட்டியில் கூடவே வரும் வேறு அளவு முனைகளை மாற்றிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. அதில் கிடைக்கும் மாற்றத்தை எவரும் சோதனையில்லாமலே கேட்டுவிடலாம்.

மூன்றாவது, பதிவின் தரம். 2008இல் வெளிவந்த மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ ஆல்பத்தை உரக்க ஒலிக்க வைப்பதற்காக ஒலியின் உச்சங்களை நசுக்கியிருந்தார்கள். அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற விளையாட்டில் நசுக்கப்படாமல் வந்திருந்தன. ரசிகர்கள் வேறுபாட்டை உடனே கண்டுபிடித்தார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் நசுங்கியதை எந்த லாஸ்லெஸ் கோப்பும் நிமிர்த்தாது. நசுங்கிய அதே வடிவில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான்.

நான்காவது, சுற்றுப்புற இரைச்சல். பேருந்தில் எழுபது எண்பது டெசிபெல் இரைச்சலுக்கு நடுவே சி.டி.யின் 96 டெசிபெல் இடைவெளியில் பெரும்பகுதி மூழ்கிவிடும். பலரும் சத்தத்தைக் கூட்டி ஈடுகட்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் நான்கு மணி நேரம்தான். உட்காதின் மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. நல்ல ஒலியை விரும்புகிறவர் முதலில் காப்பாற்ற வேண்டியது தன் காதை.

காப்பதற்கு லாஸ்லெஸ்

இதுவரை சொன்னதெல்லாம் கேட்பதைப் பற்றி. வைத்திருப்பதைப் பற்றிப் பேசும்போது என் விடை தலைகீழாக மாறுகிறது.

இழப்புள்ள கோப்பை மீண்டும் வேறொரு கோப்பாக மாற்றினால் இழப்பின் மேல் இழப்பு ஏறும். முதல் முறையில் மறைப்பின் எல்லைக்குக் கீழே பதுங்கியிருந்த இரைச்சல், இரண்டாம் மூன்றாம் முறையில் வெளியே எட்டிப்பார்க்கும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்ததுபோல் எழுத்து மங்கிக்கொண்டே போகும். வானொலியில் ஒலிபரப்பான கச்சேரிகளை வீட்டில் கேசட்டில் பதிந்து வைத்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவற்றில் பல எம்பி3யாகிக் கைமாறி, வீடியோவாகி இணையத்தில் ஏறி, அங்கிருந்து மறுபடி இறக்கப்பட்டு இன்னொரு எம்பி3யாகியிருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் தம்புராவின் மேல் சுரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்திருக்கும். ஒரு சில பாடகர்களின் சில கச்சேரிகளுக்கு இப்படிப்பட்ட பிரதி மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும்.

லாஸ்லெஸ் பிரதியில் இந்தச் சரிவு இல்லை. ஆயிரம் முறை நகலெடுத்தாலும் ஆயிரமாவது நகல் முதல் நகலேதான். இன்னும் சிறந்த சுருக்க முறை நாளைக்கு வந்தால் அதிலிருந்து புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். சீறலை நீக்கவும் வேகத்தைத் திருத்தவும் நிரல்கள் வேலை செய்யும்போது, எம்பி3 தூக்கி எறிந்த நுணுக்கமெல்லாம் அவற்றுக்குத் தேவைப்படும். காதுக்குக் கேட்காதது கணினிக்குப் பயன்படும். உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐஏஎஸ்ஏ, பழைய பதிவுகளை எண்ணாக்கும்போது குறைந்தது 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். கேட்பவருக்கு ஆடம்பரமான அந்த 24 பிட், காப்பவருக்குச் செப்பனிடும் இடம் தருகிறது.

காலமும் குறைவு. காந்த நாடாக்கள் சிதைகின்றன. அவற்றை ஒலிக்கச் செய்யும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் அருகி வருகின்றன. 2025ஐ ஒட்டி நாடாக்களை மீட்பது மிகவும் கடினமாகிவிடும் என்று யுனெஸ்கோவும் ஐஏஎஸ்ஏவும் 2019இலேயே எச்சரித்தன.

ஆகவே மாதச் சந்தாவில் புளூடூத் இயர்பட்ஸ் வழியாகப் பாட்டுக் கேட்பவர் 256 கிலோபிட்டில் நிம்மதியாகக் கேட்கலாம். மிச்சமாகும் பணத்தைக் காதுக்குப் பொருந்தும் நல்ல ஹெட்போனில் போடலாம். ஐயமிருந்தால் ஏபிஎக்ஸ் சோதனை செய்யும் இலவச நிரல்கள் கிடைக்கின்றன. தன் காது, தன் ஹெட்போன், தனக்குப் பிடித்த பாட்டைக் கொண்டு அவரே தீர்த்துக்கொள்ளலாம். அலமாரியில் தாத்தாவின் கேசட்டுகளோ, கடையில் இனிக் கிடைக்காத சி.டி.க்களோ வைத்திருப்பவருக்கு வேறு கடமை இருக்கிறது. அவர் இந்த ஆண்டே அவற்றை ஃபிளாக்காக மாற்றி, இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். அந்தக் கோப்பை எம்பி3யிலிருந்து வேறுபடுத்திக் கேட்க அவராலேயே முடியாமல் போகலாம். அப்போதும் அதைச் செய்வதே சரி.